காற்றில் அளந்த நாற்பது மீட்டர்

நீலகிரியில் சர்வேயராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என் அனுதாபங்கள். போஸ்டிங் வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் "ஊட்டியா! கொடுத்து வைத்தவர்" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட, கால்சட்டைக்குள் அட்டை ஏறுவது தெரிந்தும் குனிய முடியாமல், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள். நான் நின்றிருக்கிறேன். போன வருடம் ஓய்வு பெறும்வரை நின்றேன்.

கருவியை எப்படி நிறுத்துவது, எப்படிச் சமன்செய்வது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைப் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அங்கே தூங்கிவிட்டால் செல்போனில் வீடியோ இருக்கிறது. நான் எழுதப்போவது பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்துவிட்டு வந்த ஒரு விஷயத்தைப் பற்றி. செங்கோண முக்கோணத்தில் சாய்ந்த பக்கத்தின் மேல் ஒரு சதுரம் வரைந்தால், அது மற்ற இரண்டு பக்கங்களின் மேல் வரைந்த சதுரங்களைக் கூட்டினால் வருகிற அளவுக்கு இருக்கும். பிதாகரஸ் தேற்றம். இது தெரியாத சர்வேயரை நான் பார்த்ததில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மலைச்சரிவில் நிற்கவைத்துக் கேட்டால்தான் மறந்துபோகிறது.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. புத்தகத்தில் செங்கோணம் கண்ணுக்குத் தெரியும். மூலையில் ஒரு குட்டிச் சதுரம் போட்டு, "இதோ தொண்ணூறு டிகிரி" என்று காட்டிவிடுவார்கள். மலையில் அதை யாரும் பார்த்தது கிடையாது. நம் கால் நடப்பது சாய்ந்த பக்கத்தின் மேல் மட்டும்தான். மற்ற இரண்டு பக்கங்களும் அவை சேர்கிற மூலையும் மலைக்குள் புதைந்திருக்கும், இல்லையென்றால் காற்றில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை நம்பி அளக்க வேண்டியது நம் தொழில். பட்டாவிலும் நில வரைபடமான புலப்படத்திலும் போட்டிருக்கிற தூரம் எல்லாம் கிடைத்தூரம், அதாவது மேலே பறக்கிற காக்கை நேராகக் கீழே பார்த்தால் தெரிகிற தூரம். சரிவில் நடக்கிற தூரம் அதைவிட எப்போதும் அதிகம்.

ஜெகதளாவுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. மேலே தார்ச்சாலை, கீழே ஓடை. சாலையை ஒட்டி இருந்த நிலம் பார்வதி அம்மாளுடையது. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த துண்டு நிலம் அது. பட்டா தெளிவாக இருந்தது: சாலை ஓரத்துக் கல்லிலிருந்து பள்ளத்தை நோக்கி நாற்பது மீட்டர். சரிவை வெட்டிச் சமன்செய்து அதில் ஒரு வீடு கட்டியிருந்தார். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை. கணவர் இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டு தனியாக இருந்தார்.

அவருடைய எல்லை முடிகிற இடத்திலிருந்து இன்னும் கீழே எண்பது மீட்டர் ஒரு ரிசார்ட்டுக்குச் சொந்தம். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவீடுகள் போட்டிருந்தார்கள். அடிவாரத்தில், ஓடையைப் பார்த்தபடி, சுற்றிலும் கண்ணாடி வைத்த சாப்பாட்டு ஹால். மேகத்தைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிடலாம் என்பது விளம்பரம். பார்வதி அம்மாளும் தினமும் மேகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார், ஆனால் அதற்கு அவர் விளம்பரம் செய்யவில்லை.

ரிசார்ட்காரர்கள் தங்கள் மேல் எல்லையை அளந்து கல் நடச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். அந்த வாரம் நான் லீவில் இருந்தேன். அளக்கப் போனவர் சரவணன். டெல்டாப் பக்கத்துப் பையன், இஞ்சினியரிங்கில் தங்கப் பதக்கம். அவர் ஊரில் வரப்பின் உயரம்தான் மலை. அங்கே டேப்பை எப்படிப் போட்டாலும் ஒரே அளவுதான் வரும். சரவணனிடம் புதுக் கருவி இருந்தது. சாலைக் கல்லில் அதை நிறுத்தி, உதவியாளரைக் கம்போடு சரிவில் இறக்கி, திரையில் நாற்பது வரும்வரை "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கத்தியிருக்கிறார். நாற்பது வந்தது. கல்லை நட்டார். கல் பார்வதி அம்மாளின் சமையலறை வாசலில் விழுந்தது.

அந்தக் கருவியின் திரையில் முதல் வரியில் வருவது சாய்வுத் தூரம். இன்னொரு முறை பொத்தானை அழுத்தினால்தான் இரண்டாவது வரியில் கிடைத்தூரம் வரும். தங்கப் பதக்கம் வாங்கிய விரலுக்கு அந்த இரண்டாவது அழுத்தம் அதிகமாகப் பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் நம் ஊர் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் நடந்தது. பார்வதி அம்மாளின் சமையலறை ரிசார்ட் நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று அறிக்கை. அதில் எங்கள் அதிகாரியின் கையெழுத்து. ஏழைகள் பாதை கேட்டு மனுக் கொடுத்தால் நகராத காகிதம், இதற்கு மட்டும் சிறகு முளைத்துப் பறந்தது. நான் லீவு முடிந்து வந்த அன்று, "இன்றைக்கு இடிக்கப் போகிறோம். நீங்கள் வந்து எல்லையைக் காட்டினால் போதும்" என்றார் அதிகாரி. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

நாங்கள் போனபோது சாலையில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. பார்வதி அம்மாள் குடத்தையும் குக்கரையும் சாலை ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். ரிசார்ட் மேனேஜர் கோயமுத்தூர்க்காரர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கையில் பிளாஸ்குடன் நின்றார்.

"வாங்க மேடம், வாங்க. காப்பி சாப்பிடறீங்களா? சீக்கிரம் முடிச்சுட்டா நல்லா இருக்குமுங்க. மத்தியானம் கெஸ்ட் வராங்க, சத்தம் கேட்டா சங்கடப்படுவாங்க" என்றார்.

சாலையில் நின்று கல்லைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை செங்குத்தான சரிவில் அந்தக் கல் அவ்வளவு பக்கத்தில் இருக்க வழியில்லை. எங்களோடு வந்திருந்த சரவணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கருவியில நாற்பது எந்த வரியில வந்துச்சு?"

"முதல் வரியில மேடம். செக் பண்ணியாச்சு மேடம். ரெண்டு தடவை பார்த்தேன், ரெண்டு தடவையும் நாற்பதுதான்."

தப்பான இடத்தை இரண்டு முறை பார்த்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பையன் மனதார நம்பினார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அதிகாரியிடம் போய், "சார், கல் தப்பான இடத்தில் இருக்கிறது" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வீடு தப்பாக இடியப்போகிறது என்ற கவலை அதில் துளியும் இல்லை. தான் போட்ட கையெழுத்து தப்பாகப் போகிறதே என்ற கவலை மட்டும் நிறைய இருந்தது.

"என்னம்மா சொல்றீங்க? மிஷின் அளந்தது. மிஷின் பொய் சொல்லுமா?"

மிஷின் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, நாம்தான் வேறு கேள்வி கேட்டுவிட்டோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். எழுத இடம் தேடினேன். பக்கத்தில் இருந்த கரும்பலகை ஜேசிபியின் வாளிதான். அதன் முதுகில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டேன். படுக்கைப் பக்கம் நாற்பது, அது பட்டாவில் இருப்பது. நிற்கிற பக்கம் முப்பது, அது கருவி காட்டுகிற சாய்வின்படி நாற்பதுக்குள் மலை இறங்குகிற ஆழம். நாற்பதின் மேல் சதுரம் ஆயிரத்து அறுநூறு. முப்பதின் மேல் சதுரம் தொள்ளாயிரம். இரண்டையும் கூட்டினால் இரண்டாயிரத்து ஐநூறு. எதன் சதுரம் இரண்டாயிரத்து ஐநூறு? ஐம்பது. ஆகவே சரிவில் ஐம்பது மீட்டர் இறங்கினால்தான் பட்டாவில் இருக்கிற நாற்பது வரும். சமையலறை மட்டுமல்ல, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பேரிக்காய் மரமும் பார்வதி அம்மாளுடையது.

இதைச் சொல்லி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக எண்கள் அமைவது அபூர்வம். கைதட்டல் வராவிட்டாலும் ஒரு தலையாட்டலாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஸ்கூல் பாடம் எடுக்க இதுவாம்மா நேரம்?" என்றார் அதிகாரி.

சரி, கணக்கு வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும் என்று டேப்பை எடுத்தேன். மலையில் கருவி வருவதற்கு முன்னால் எல்லாரும் அளந்த முறை அது. டேப்பின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் காற்றில் மட்டமாக நீட்டிப் பிடிக்க வேண்டும். அந்த முனையிலிருந்து தூக்குக் குண்டைக் கீழே விட வேண்டும். குண்டு தொட்ட இடத்தில் அடுத்த அளவைத் தொடங்க வேண்டும். படிக்கட்டு இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கலாம். சரவணன் ஒரு முனை, நான் ஒரு முனை. முட்டி வலிக்க வலிக்க இறங்கினேன். நாற்பது, நான் சொன்ன மாதிரியே பேரிக்காய் மரத்தைத் தாண்டி விழுந்தது.

மேலே நின்ற மேனேஜர் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், நெலம் தரையில இருக்குதுங்க. நீங்க காத்துல அளக்கறீங்களே! நாளைக்கு மேகத்துக்கும் பட்டா குடுப்பீங்களாட்டம்."

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால் பார்வதி அம்மாளும் என்னை நம்பவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "வேண்டாமுங்க மேடம். எனக்காகப் பொய்யளவு அளந்து உங்க வேலைக்கு வம்பு வந்துரப் போவுது. சமையக்கட்டு போனாப் போவுது, முன்னால ரூம்புல அடுப்பை வெச்சுக்கறனுங்க" என்றார். தன் நிலத்தைத் தனக்குச் சரியாக அளந்து கொடுத்ததையே அவர் இரக்கம் என்று நினைத்துவிட்டார். அந்த நிமிடம் அந்தத் தேற்றத்தை நம்பியவர்கள் அந்த மலையில் நானும் பிதாகரஸும்தான், பிதாகரஸ் இறந்து பல காலம் ஆகிவிட்டது.

மேனேஜரிடம் நான் விடவில்லை. "உங்கள் மரவீட்டில் கட்டிலைச் சரிவிலா போட்டிருக்கிறீர்கள்? தரையைச் சமன்செய்துதானே போட்டிருக்கிறீர்கள்? ஆளுக்குத் தேவைப்படுவது மட்டமான தரை. அதனால்தான் அளவும் மட்டத்தில் இருக்கிறது" என்றேன். அவர் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் குடித்தார். அதிகாரி வாட்சைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி வாக்கியத்தை உங்கள் வேலைக்காலம் முழுவதும் கேட்பீர்கள்.

"ரெண்டு விதமா அளந்தா ரெண்டு விதமா வருது. சரி. மேடம் ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க, மேலிடத்துக்கு அனுப்பலாம். பதில் வந்ததும் பார்த்துக்கலாம். இப்போதைக்கு ஆர்டர் ஆர்டர்தான். இடிக்கிற வேலை நடக்கட்டும்."

அதாவது முதலில் இடிப்பார்கள், அப்புறம் யோசிப்பார்கள். ஜேசிபி டிரைவர் ஏறி உட்கார்ந்தார். நான் வரைந்த முக்கோணத்தோடு வாளி மேலே எழுந்தது.

எனக்குள் ஆத்திரம் பொங்கியது. கத்தலாம். வண்டிக்கு முன்னால் போய் நிற்கலாம். நின்றால் என்னைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்துவிட்டு இடிப்பார்கள், சாயங்காலம் என்னை அழைத்து அறிவுரையும் சொல்வார்கள். சரியான அளவு என் கையில் இருந்தது. அது சரி என்று நிரூபித்தும் விட்டேன். அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை. அங்கே இருந்த ஒருவருக்கும் சரியான அளவு தேவைப்படவில்லை என்பதுதான் சிக்கல். யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்தபோது, கீழே அடிவாரத்தில் வெயில் பட்டுக் கண்ணாடி ஹால் மின்னியது.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "நான்தான் தப்பு. மேனேஜர் சார் சொன்ன மாதிரி தரையை ஒட்டியே அளந்துவிடலாம். அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. மேனேஜர் எனக்குக் காப்பி ஊற்றவே ஆரம்பித்துவிட்டார்.

"ஆனால் ஒரு பக்க எல்லையை மட்டும் குறித்தால் அறிக்கை முழுமையாகாது" என்று தொடர்ந்தேன். "அதே கருவி, அதே வரி. ரிசார்ட்டின் கீழ் எல்லையையும் இப்போதே குறித்துவிடலாம். இவர்கள் நிலம் அந்தக் கல்லிலிருந்து எண்பது மீட்டர். இந்தம்மா நாற்பது, இவர்கள் எண்பது, சாலையிலிருந்து மொத்தம் நூற்று இருபது. சரவணா, கம்பை எடுத்துக்கொண்டு இறங்கச் சொல்லு. திரையில் முதல் வரியில் நூற்று இருபது வந்ததும் நிறுத்து."

அந்தச் சரிவு மேலிருந்து அடிவரை ஒரே சீராக இறங்குகிறது. ஆகவே முடிவு எனக்கு முன்னாலேயே தெரியும். உதவியாளர் கம்போடு மரவீடுகளைத் தாண்டி இறங்கினார். சரவணன் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு, "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கத்தினார். கண்ணாடி ஹாலுக்குப் போகிற படிக்கட்டின் தலைப்பில் கம்பு நின்றது. ஹால் இன்னும் கீழே இருந்தது, முழுசாக.

"நூற்று இருபது மேடம்" என்றார் சரவணன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் ஏதோ உறைத்தது.

"நல்லது. அங்கே கல்லை நட்டுவிடு" என்றேன். "அதற்குக் கீழே இருப்பது ஓடைப் புறம்போக்கு. அதில் ஒரு கட்டடம் இருக்கிறது, கண்ணாடிக் கட்டடம். ஆக்கிரமிப்பு என்று அறிக்கையில் எழுதிக்கொள்கிறேன். சார், வண்டிதான் வந்திருக்கிறதே, இந்தச் சமையலறையை முடித்துவிட்டு அப்படியே கீழே போய்விடலாமா? ஆர்டர் எல்லாருக்கும் ஒன்றுதானே."

மேனேஜர் கையில் இருந்த கப் சாய்ந்து காப்பி ஸ்வெட்டரில் கொட்டியது.

"ஏனுங்க மேடம், அது எப்படிங்க? எங்களுக்கு ஓடைக்கரை வரைக்கும் இருக்குதுங்க. ப்ளான் பாருங்க, எண்பது மீட்டர் போட்டிருக்குது."

"எண்பது மீட்டர்தான் அளந்தேன். தரையை ஒட்டி."

"தரையில எப்படிங்க அளக்கறது? இது மலைங்க! சரிவா இருக்குதில்ல, அதைக் கழிக்க வேண்டாமுங்களா? நேரா மட்டமா புடிச்சு அளந்தாத்தானுங்க ப்ளான்ல இருக்கறது வரும்!"

நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறேன். ஒரு மனிதர் இத்தனை வேகமாகக் கணக்குக் கற்றுக்கொண்டதை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. சற்று முன்னால் காற்றில் அளப்பதாகச் சிரித்தவர், இப்போது ஜேசிபிக்கு ஓடிப்போய் வாளியை இறக்கச் சொல்லி, என் முக்கோணத்தை விரலால் தொட்டு அதிகாரிக்குப் பாடம் எடுத்தார். "சார், பாருங்க, நாப்பதுக்கு அம்பது. அப்ப எங்க எண்பதுக்கு நூறு. மேடம் தெளிவாப் போட்டுருக்காங்க சார்." அதிகாரியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமாமா. இதைத்தான் நானும் ஆரம்பத்திலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, அளவில் சிறு திருத்தம் இருப்பதால் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்றார். அந்தச் சிறு திருத்தம் ஒரு பெண்ணின் பாதி வீடு.

சரவணனே போய்ச் சமையலறை வாசலில் இருந்த கல்லைப் பிடுங்கினார். பேரிக்காய் மரத்துக்கு அப்பால் அதை நட்டுவிட்டு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "என்னிடம் எதற்கு? அந்தம்மாவிடம் கேள்" என்றேன். கேட்டார். அந்த ஒரு காரியத்தால் அவர் அன்று எங்கள் அதிகாரியைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். இன்று நல்ல சர்வேயராகவும் இருக்கிறார்.

திருத்திய அறிக்கையில் "நவீனக் கருவிகளின் உதவியுடன் உரிய ஆய்வு செய்து" என்று எழுதியிருந்தது. தூக்குக் குண்டைப் பற்றியோ என் முட்டியைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது, திரையில் இரண்டாவது வரியைப் பாருங்கள் என்பது மட்டுமல்ல. அதைத் தவறாமல் பாருங்கள், அதற்குத்தான் சம்பளம். சரியான அளவு எடுத்த பிறகு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது தப்பாகப் போனால் யாருக்கு வலிக்கும் என்று அடுத்ததாகப் பாருங்கள். ஏழைக்கு மட்டும் வலிக்கும் என்றால் அந்தத் தப்பு அப்படியே நிற்கும், நிற்பதற்குக் கையெழுத்தும் கிடைக்கும். சொல்லும்போதே கசக்கிறது, ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துகொள்வது நல்லது.

அன்று எல்லாரும் கீழே போய்விட்டார்கள். கண்ணாடி ஹாலில் அதிகாரிக்கு டிபன் ஏற்பாடு ஆகியிருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள், பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசி வயிற்றைக் கிள்ளியது, ஆனால் அந்த இடத்தில் எனக்கு இறங்காது. சாலையில் நானும் பார்வதி அம்மாளும் மட்டும் நின்றோம். அவர் கீழே மின்னுகிற ஹாலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை இன்னுங் கொஞ்சம் மேலால கட்டியிருந்தாங்கன்னா, எங்கூடு போயிருக்குமுங்களா?"

வேறு ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். நியாயம் எப்படியும் வென்றிருக்கும், சட்டம் இருக்கிறது என்று ஏதாவது. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போயிருக்கும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சரிங்க. எங்கூட்டுச் சாமிக்கு வெளக்கு வெக்கறப்ப, அந்தக் கட்டடம் நல்லா இருக்கோணும்னும் சேர்த்து வேண்டிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார்.

காலையிலிருந்து அங்கே நான், மேனேஜர், அதிகாரி எல்லாரும் மாற்றி மாற்றிக் கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தம்மா கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே வேண்டிக்கொள்ளத்தான் போனார்.